மேடு பார்த்து, பள்ளம் பார்த்து: தாமிரபரணிக் கரையின் நிலக்கணக்கு

கொற்கைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது கடலைத்தான். ஏரல் வழியாக வந்து, வாழைத் தோட்டங்களையும் நெல் வயல்களையும் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது ஒரு பெரிய குளம், ஒரு வயதான வன்னி மரம், கொஞ்சம் வீடுகள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பும், பிறகு தாலமியும் ‘கொல்கோய்’ என்று பதிந்து வைத்த ஊர். இன்று கடற்கரை இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

கடல் உள்வாங்கிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். கடலை அவ்வளவு தூரம் தள்ளியதில் தாமிரபரணியின் கைதான் பெரிது. மலையிலிருந்து ஆண்டுதோறும் கொண்டுவந்த வண்டலை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டி ஆறு தன் வாயைக் கிழக்கே நகர்த்திக்கொண்டே போனது. கப்பல் வர முடியாமல் கொற்கை தூர்ந்ததும் வணிகம் பழையகாயலுக்குப் போனது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய ‘காயல்’ இந்த இடம்தான் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அதுவும் தூர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து இறங்கியபோது துறைமுகம் என்று இருந்தது ஆறு கடலில் விழும் புன்னைக்காயல். துறைமுகத்தின் வேலை ஒன்றுதான். அதைச் செய்ய மூன்று ஊர்கள் மாறி மாறி வர வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட இரண்டு ஊர்களைச் சுற்றியும் ஆறு விட்டுப்போன மண்ணில் நெல் விளைந்தது. இன்னும் கிழக்கே, உப்பு நீர் ஏறி இறங்கும் சதுப்பில் அலையாத்தி மரங்களும் உப்பளங்களும் இடம் பிடித்தன.

தாமிரபரணி சிறிய ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் முடிவதற்குள் அது ஓடும் தூரம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்பதால் இதற்கு மாநிலத் தகராறு கிடையாது. தகராறு எல்லாம் மேல்மடைக்கும் கடைமடைக்கும் இடையில்தான். இந்தக் குறுகிய நீளத்துக்குள் எந்த நிலத்தில் நெல், எந்த நிலத்தில் பனை, எங்கே ஊர், எங்கே சுடுகாடு என்பதையெல்லாம் தீர்மானித்தது நிலத்தின் மட்டம். பத்தடி உயரம் கூடினால் வாழ்க்கையே வேறு. அந்த மட்டத்தை மூவாயிரம் ஆண்டுகளாக வாசித்துத்தான் மக்கள் இங்கே குடியேறினார்கள். நாம் அந்த வாசிப்பை விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை. ஆற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதிகையில் தொடங்கிக் கீழே இறங்குவது வழக்கம். நான் கீழிருந்து மேலே போகிறேன். மேலே நடக்கும் ஒவ்வொரு காரியத்தின் பலனும் வந்து சேருவது கடைசியில் இருப்பவரிடம்தான்.

கடைமடை

ஆத்தூர், முக்காணி, ஏரல், ஸ்ரீவைகுண்டம். ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கும் இந்த ஊர்களைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் நெல்லும் மாறி மாறி வரும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்கு ஈரம் எப்போதும் வேண்டும், நீர் தேங்கவும் கூடாது. ஆற்றோர வண்டல் மண் அதற்கென்றே அமைந்தது.

இங்கே நீர் கொடுப்பது ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம். ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. அதிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. தென்கால் போய் நிரப்பும் குளங்களில் பெரியது தென்திருப்பேரைப் பக்கத்துக் கடம்பாக்குளம். மேலே ஏழு அணைக்கட்டுகள் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிச்சம் வருவதுதான் இந்த எட்டாவதுக்கு. மழை குறைந்த ஆண்டில் முதலில் காய்வது இந்த வயல்கள். மழை மிகுந்த ஆண்டில் முதலில் மூழ்குவதும் இவையே. போதாக்குறைக்கு, தூத்துக்குடியின் ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் எடுக்கும் திட்டமும் இந்த அணைக்கட்டிலிருந்துதான் போடப்பட்டது. அணைக்கட்டுக்குள் மேடு தட்டி, அமலைச்செடியும் முள்ளும் மண்டி, கொள்ளளவு குறைந்ததால் தூர்வாரச் சொல்லி 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போக வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிடக் கூடுதல் அது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு மாட்டிக்கொண்டார்கள். குளக்கரைகள் வரிசையாக உடைந்தன. அவ்வளவு மழையை எந்த ஏற்பாடும் முழுதாகத் தாங்கியிருக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நீர் எந்த வழியாகப் போனது என்று பார்த்தால், பெரும்பாலும் அது பழைய வழிதான். குளம் நிரம்பி வழியும் மறுகால் ஓடைகள், குளத்துக்குக் குளம் போகும் வரத்துக்கால்கள், பள்ளக்கால் வயல்கள். அந்த வழிகளில் வீட்டுமனைகளும், குறுக்கே சாலைகளும், சாலைக்கு அடியில் போதாத அளவுக்குச் சின்னக் குழாய்களும் இருந்த இடங்களில்தான் நீர் நின்றது. நிலத்தை வாசிக்கத் தெரிந்த எந்தப் பழைய கிராமமும் தன் தெருவை அந்தப் பள்ளத்தில் போட்டதில்லை.

தேரியும் பனையும்

ஆற்றங்கரையை விட்டுத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி பக்கம் திரும்பினால் சில கிலோமீட்டருக்குள் மண் செக்கச்செவேலென்று மாறிவிடும். அதுதான் தேரி. காற்று குவித்த செம்மணல் மேடுகள். ஆடி மாதக் காற்றில் மணல் இடம் மாறும்; பாதையை மூடும். மழை பெய்தால் ஒரு சொட்டு மேலே நிற்காது, அத்தனையும் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் மேடுகளுக்கு இடையே உள்ள தாழ்ந்த இடங்களில் ஊறி மேலே வந்தால் அது தருவை என்று பெயர் பெறும்.

இந்த மணலில் ஆழ வேர் விட்டு நிற்கத் தெரிந்த மரம் பனை. ஆற்றங்கரையில் வயலின் பரப்பை வைத்து ஒருவரின் செல்வத்தை அளந்த அதே காலத்தில், இங்கே எத்தனை பனை என்பதுதான் கணக்கு. ஒரு பனையேறி பருவகாலத்தில் நாளுக்கு இரண்டு முறை, பல பத்து மரங்கள் ஏறி இறங்குவார். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது வீட்டுப் பெண்களின் வேலை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் வந்தது அந்த உழைப்பால்தான். திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை 1985-இல் புத்தகமாக எழுதிய டேவிட் லட்டன், நீர்ப்பாசன நிலம், மானாவாரி நிலம், இரண்டும் கலந்த நிலம் என்று இந்த நாட்டைப் பிரித்துக் காட்டினார். மண் பிரிந்த இடத்தில் சாதியும் அதிகாரமும் கோயிலும் எப்படிப் பிரிந்தன என்பதை அவர் விளக்கும் விதம், இந்தப் பக்கத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிறது.

கிறித்தவ மறைபணியாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நாசரேத், சாயர்புரம் என்று புதிய ஊர்களை எழுப்பியது ஆற்றங்கரையில் அல்ல, பனை நிற்கும் வறண்ட பக்கத்தில்தான். ஆற்றங்கரை நஞ்சையில் புதிதாக நுழைய இடமே இல்லாதபடி எல்லாம் முன்பே பங்கு போடப்பட்டிருந்தது. அந்தப் பங்கு எவ்வளவு பழையது என்று தெரிந்துகொள்ள இறந்தவர்களிடம் போக வேண்டும்.

பறம்பு

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். வயல்களை ஒட்டியே, ஆனால் வயல் மட்டத்துக்கு மேலே, சரளைக் கற்கள் நிறைந்த வறண்ட மேடு. ஊரில் இதைப் பறம்பு என்பார்கள். 114 ஏக்கர். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் இங்கே முதுமக்கள் தாழிகளைக் கண்டார். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் வந்தன. நூறு ஆண்டு கழித்து, 2004-இல்தான் மத்தியத் தொல்லியல் துறை திரும்பவும் தோண்ட வந்தது. தோண்டிய குழிகளையே கண்ணாடி வழியாகப் பார்க்கும்படி 2023-இல் அருங்காட்சியகம் அமைந்தது.

பொன்னையும் வெண்கலத்தையும் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அந்த மேடு. ஆற்று நீர் ஏறாத, ஏர் இறங்காத, எதையும் விதைக்க முடியாத 114 ஏக்கரைத் தேர்ந்தெடுத்து இறந்தவர்களுக்குக் கொடுத்தவர்கள், விளையக்கூடிய நிலம் எது என்பதை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருக்க முடியும். ஆற்றுக்கு வடக்கே இருக்கும் சிவகளையும் இதேபோல் ஒரு பறம்புதான். அங்கே ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்ததை 2021 செப்டம்பரில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பள்ளத்தில் நெல், மேட்டில் தாழி என்ற ஏற்பாடு இங்கே நின்றுவிட்டது.

இன்று இந்தப் பகுதியின் பறம்புகளைப் பட்டா நிலமாகவும் சரளை எடுக்கும் குழியாகவும் பார்க்கிறோம். ‘தரிசு’ என்று வருவாய்க் கணக்கில் ஒரு சொல் விழுந்துவிட்டால், அந்த இடத்துக்கு என்ன செய்தாலும் கேட்பாரில்லை.

எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய்

ஆற்றைக் குறுக்கே கட்டி நீரை மேலே ஏற்றிப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது இந்தப் படுகையின் அடிப்படைத் தொழில்நுட்பம். மேலிருந்து கீழாக அணைக்கட்டுகளின் பெயரைச் சொன்னால்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள். அவற்றால் பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 86,000 ஏக்கர்.

இந்த அணைக்கட்டுகள் எதுவும் உயரமானவை அல்ல. ஆற்றின் மேல் குறுக்கே கிடக்கும் கல் வரிசைகள் இவை. வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போய்விடும். மருதூர் அணைக்கட்டு நேர்கோட்டில் இல்லாமல் குதிரை லாடம்போல் வளைந்து நிற்கிறது. வெள்ளத்தின் வேகத்தை நீண்ட வளைவில் பரப்பிவிடும்போது கல்லுக்குச் சேதம் குறைவு. கால்வாய் ஆற்றை விட்டுப் பிரிந்ததும், ஆற்றைவிடக் குறைந்த சரிவில், மேட்டோரமாகவே போகும். போகப் போக ஆறு கீழே இறங்கிவிடும், கால்வாய் மேலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அத்தனை நிலமும் நஞ்சை. கால்வாய்க்கு மேல் பக்கம் இருப்பது புஞ்சை. ஒரு கால்வாயின் கரையில் நின்று வலமும் இடமும் பார்த்தால் போதும், வரைபடம் வேண்டாம்.

ஆனால் கால்வாய் மட்டும் இருந்து பயனில்லை. ஆற்றில் நீர் ஓடும் காலமும் பயிருக்கு நீர் வேண்டிய காலமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் கால்வாய்களின் வழியில் 186 குளங்கள். பாசனத்தில் ஏறத்தாழப் பாதி இந்தக் குளங்கள் வழியாகத்தான் நடக்கிறது. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்கு. அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. திருநெல்வேலி நகரத்தின் நடுவே இருக்கும் நயினார்குளம் சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயின் குளம். பாளையங்கோட்டைக்குப் போகும் பாளையங்கால் பழவூர் அணைக்கட்டிலிருந்து பிறக்கிறது. நகரம் என்று நாம் நினைக்கும் இடம் இந்தப் பாசன ஏற்பாட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. வயல் போன பிறகு கால்வாய்க்கு வேலை இல்லை என்று நினைத்துச் சாக்கடையாக்கினார்கள். நீர் அதே கால்வாய் வழியாகக் கீழே இருக்கும் கிராமத்துக் குளத்துக்குத்தான் போகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பயிர்க்காலமும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து ஆறு பெருகும்போது கார். ஐப்பசி மழையை நம்பிப் பிசானம். சமவெளியில் ஆண்டு மழை குறைவு. ஆனால் மலை உச்சி இரண்டு பருவமழைகளையும் வாங்குகிறது, அதனால் இரண்டு போகம். நெல்லைச் சீமையில் கார் என்றால் ஆனி, ஆடி. பிசானம் என்றால் பெரும்போகம். ஜூன் மாதம் அணை திறக்குமா, திறக்காதா என்பதுதான் அந்த ஆண்டுக் காரின் தலையெழுத்து.

யாருடைய வயல்

இந்த நஞ்சை ஏற்பாட்டின் அழகை மட்டும் பாடிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. சேரன்மாதேவி போன்ற ஊர்கள் இடைக்காலக் கல்வெட்டுகளில் சதுர்வேதிமங்கலங்களாக நிற்கின்றன. ஆற்றங்கரையின் நல்ல நிலம் பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் தானமாகப் போனது. வேளாளர்கள் நில உரிமையும் நிர்வாகமும் வைத்திருந்தார்கள். சேற்றில் இறங்கி நட்டதும், இரவில் மடை திறந்து நீர் பாய்ச்சியதும், குளக்கரை உடைந்தால் ஓடியதும் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் மக்கள். அவர்களுடைய குடியிருப்புகள் ஊருக்கு வெளியே, பெரும்பாலும் தாழ்ந்த இடத்தில். நிலத்தின் மட்டத்தை எவ்வளவு நுணுக்கமாக வாசித்தார்களோ அவ்வளவு நுணுக்கமாக மனிதரையும் மட்டம் பிரித்து வைத்தார்கள். நீர் மேலாண்மை பற்றிப் பெருமையாகப் பேசும் மேடைகளில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

கோரை, மணல், பறவை

கன்னடியன் கால்வாய் போகும் ஊர்களில் ஒன்று பத்தமடை. ஆற்றங்கரையில் தானாக வளரும் கோரையை அறுத்து, கீறி, ஓடும் நீரில் ஊறப்போட்டு, சாயமேற்றி, நூல்போல் மெலிந்த இழைகளாக நெய்கிறார்கள் அங்குள்ள இஸ்லாமியப் பெண்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பயிர் வைக்க முடியாத ஆற்றோரச் சேற்று விளிம்புதான் இந்தத் தொழிலின் மூலதனம். அந்த விளிம்பு இருக்க வேண்டுமானால் ஆற்றில் மணலும் ஓட்டமும் இருக்க வேண்டும்.

மணலின் கதை கசப்பானது. ஆற்றுப்படுகையில் பல அடி ஆழத்துக்கு நிற்கும் மணல் வெறும் மணல் அல்ல, நீரைப் பிடித்து வடிகட்டி வைக்கும் இடம். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் உறைகிணறுகள் இந்த மணலுக்குள்தான் இறங்கியிருக்கின்றன. மணலை அள்ளினால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் கால்வாயின் தலைமடைக்கு நீர் ஏறாது. கிணற்றில் ஊற்றுக் குறையும். முகத்துவாரத்தில் உப்பு நீர் மேலேறும். ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு முதிர்ந்த வயதில் இதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்து ஆண்டுத் தடை வந்தது. ஒரு தனி மனிதர் ஓர் ஆற்றுக்குச் செய்ததில் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இன்னும் மேலே, கடனாநதி வந்து சேரும் இடத்தில் திருப்புடைமருதூர். கோயில் கோபுரத்துக்குள் நாயக்கர் கால ஓவியங்கள். வெளியே மருத மரங்களிலும் இலுப்பைகளிலும் கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. 2005-இல் அரசு இதைப் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவித்தது. அறிவிப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே ஊர்க்காரர்கள் கூடு கட்டும் மரத்தடியில் வெடி வெடிப்பதில்லை. வயலும் குளமும் மரமும் ஒட்டி இருப்பதால்தான் பறவை வருகிறது; நெல் வயலை மனையாக்கினால் கோயில் மரம் இருந்தும் பயனில்லை.

மலையடிவாரம்

பாபநாசத்தில் ஆறு சமவெளிக்கு இறங்குகிறது. 1880களில் ஹார்வி நிறுவனம் இந்த வீழ்ச்சியின் விசையை நம்பித்தான் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வைத்தது. கரிசல் காட்டுப் பருத்தியும் மலை ஆற்று நீரும் ஓரிடத்தில் சேர்ந்தன. 1940களில் காரையாற்றில் 143 அடி அணையும் பாபநாசம் மின்நிலையமும் வந்தபிறகு, வயலுக்குப் போகும் நீர் முதலில் மின்சாரம் எடுத்துவிட்டுத்தான் போகிறது. 1958-இல் மணிமுத்தாறு அணை. இது பழைய நஞ்சைக்காக அல்ல, தெற்கே நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்காகக் கட்டியது. ஆயிரம் ஆண்டுகளாக ஆற்று நீர் எட்டிப் பார்க்காத மேட்டு நிலத்துக்கு நீர் கொண்டுபோன முதல் பெரிய முயற்சி. வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் தேரிப் பக்கம் திருப்பும் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கியது. அது கன்னடியன் கால்வாயிலிருந்துதான் பிரிகிறது. அந்தக் காலத்துக் கல் வரிசையின் மேல்தான் புதிய திட்டமும் சாய்ந்து நிற்கிறது.

மணிமுத்தாறு பிறக்கும் மலையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்ற தோட்ட ஊர்கள். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தொடும் மழை. சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சோலைக்காடு இருந்த சரிவில் தேயிலையும் காப்பியும் ஏறின. சமவெளியில் நிலமற்றவர்கள் தொழிலாளர்களாக மேலே போனார்கள். 1988-இல் இந்த மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. காரையாறு, சேர்வலாறு பக்கம் தலைமுறைகளாக வாழும் காணிக்காரப் பழங்குடியினரும் அதே எல்லைக்குள் இருக்கிறார்கள்.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் காவல் துறை தடியடி நடத்தியது. 17 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் கொக்கிரகுளத்தில் இதே ஆற்றில் மூழ்கி. அவர்களில் ஒரு குழந்தையும் இருந்தது. மலை உச்சியில் காட்டை யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு ஆற்றில் இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டது.

2024-இல் தோட்டம் மூடப்பட்டது. பல தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. நிலம் காடாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த மழையைப் பிடித்து வைக்கத் தேயிலைச் செடியால் முடியாது, சோலையால் முடியும். ஆனால் நூறு ஆண்டு தேயிலை நின்ற சரிவைப் பூட்டிவிட்டு வந்தால் சோலை தானாக எழும்பாது. எந்தச் சரிவில் எந்த மரம், எந்த ஓடைக்கரையை முதலில் மீட்பது, களைச்செடியை யார் எடுப்பது என்பதற்கு ஆளும் பணமும் ஆண்டுகளும் வேண்டும். அந்தச் சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்தவர்கள் இப்போது கீழே வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்தத் தொழிலாளர்கள்தான். காட்டை மீட்கும் பணியில் முதல் உரிமை அவர்களுக்கு வேண்டும். குத்தகை முடிந்த நிலத்துக்குத் திட்டம் போடும் கூட்டத்தில் வனத் துறையோடு அவர்களும், மணிமுத்தாற்றுப் பாசன விவசாயிகளும், காணிக்காரர்களும் உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தை 2028 வரை தள்ளிப்போடக் காரணம் எதுவும் இல்லை.